சொல்லிக்கொண்டு போனவர்

ஜூன் 6, வியாழன்

காலையிலிருந்து குழாயில் தண்ணீர் இல்லை. மோட்டார் ஓடுகிறது, சத்தம் மட்டும் வருகிறது. பிளம்பருக்குப் போன் செய்தால் "வரேன் சார்" என்கிறான். அவன் சொல்கிற வரேனுக்கு ஒரு அர்த்தமும் கிடையாது. நான் நேற்று சொன்னதற்குத்தான் இத்தனை அர்த்தம்.

எழுதிவிடுகிறேன். எழுதினால் மனம் இலேசாகும் என்று நம்புகிற வயதைக் கடந்துவிட்டேன். ஆனாலும் முப்பது வருடப் பழக்கம், விடமாட்டேன் என்கிறது.

சம்பந்தி வைத்திலிங்கம் செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் இறந்துபோனார். என் மகள் தேன்மொழியின் மாமனார். மின்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எழுபது வயது. நேற்று வில்லியனூரில் எடுத்தார்கள். சுடுகாட்டிலிருந்து திரும்பி, வாசலில் கால் கழுவி, உள்ளே ஏற்றி வைத்திருந்த விளக்கைப் பார்த்துவிட்டு ஆண்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். யாரும் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது. வருகிறேன் என்றால் அந்த வீட்டின் இன்னொரு சாவுக்கு வருகிறேன் என்று ஆகிவிடும். ஐந்து வயதுப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த விஷயம்.

அறுபத்து மூன்று வயதில், முப்பத்தொரு வருடம் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்த நான், கூடத்தைக் கடந்து, மூலையில் உட்கார்ந்திருந்த சம்பந்தியம்மா வேதவல்லி முன்னால் போய் நின்று, கைகூப்பி, கடைசி பெஞ்சுக்கும் கேட்கிற குரலில், "போயிட்டு வரேம்மா" என்றேன்.

வேதவல்லி அம்மா தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். பேசியது இறந்தவரின் தம்பி நடேசன்தான்.

"சம்பந்தி, எந்த வூட்டுல நின்னுக்கினு என்னா பேசுறீங்க? இன்னொருத்தர் போவணுமா இங்கேருந்து?"

நான் அசடு வழியச் சிரித்திருக்கிறேன். சாவு வீட்டில் சிரிப்பு வேறு. தேன்மொழி என் கையைப் பிடித்து வாசல் வரை கொண்டுவந்து விட்டாள். அவள் வயிற்றில் இரண்டு மாதம். "அப்பா, நீங்க கிளம்புங்க, நான் போன் பண்றேன்" என்றாள். இன்னும் பண்ணவில்லை.

ஜூன் 8, சனி

பிளம்பர் வரவில்லை. எதிர் வீட்டிலிருந்து இரண்டு வாளி தண்ணீர்.

ஜூன் 10, திங்கள்

சவரிநாதன் போன் செய்தார். பிரெஞ்சு தமிழ்க் கையகராதி போடுகிற பதிப்பாளர் அவர்தான். ஓய்வு பெற்ற பிறகு என்னை ஏதாவது ஒன்றில் கட்டிப்போட வேண்டும் என்று அவருக்கு யார் சொன்னார்களோ, இரண்டு வருடமாக நான் அதில் உட்கார்ந்திருக்கிறேன். ஏ முதல் ஈ வரை அச்சுக்கோத்தாகிவிட்டது.

"வாத்தியாரே, எஃப் எங்க நிக்குது?"

"ஃபோவில்."

"அங்கேயே குடித்தனம் வெச்சிராதீங்க."

'ஃபோ' என்றால் பொய், போலி. அதன் கீழ் வருகிற சொற்களை வரிசையாக எழுதிக்கொண்டு வந்தேன். பொய்க் கழுத்துப்பட்டை, பொய் வெளிச்சம். அடுத்தது 'ஃபோ பா'. என் தலையெழுத்து, இந்த வாரம்தான் இது வர வேண்டுமா. நாலு பேர் இருக்கிற இடத்தில் செய்யக் கூடாததைச் செய்வது, சொல்லக் கூடாததைச் சொல்வது. இதற்கு நான் அகராதியைப் புரட்டிப் பொருள் தேட வேண்டியதில்லை. கண்ணாடி போதும்.

நேர்ப் பொருள், பொய்யான அடி. பழைய பிரெஞ்சு அகராதியில் முதல் பொருளாகக் கால் பிசகி வைப்பதையும், அதன் பிறகு நடத்தையில் பிசகுவதையும் சொல்லியிருக்கிறது. தெருவில் கால் இடறியவனைப் பார்த்துப் பார்த்து, சபையில் இடறியவனுக்கும் அதே சொல்லை எடுத்து மாட்டியிருக்கிறார்கள்.

நமக்கு இதற்கென்று ஒரு தனிச்சொல் கிடையாது. இங்கிதக் குறைவு என்றால் பாடப் புத்தக வாசனை அடிக்கிறது. அசட்டுத்தனம் என்பது கிட்ட வருகிறது, ஆனால் அது ஆளைச் சொல்கிறது, அவன் செய்த காரியத்தைச் சொல்லவில்லை. யோசித்துப் பார்த்தால் நாம் எல்லாப் பழியையும் வாயின் மேல்தான் போடுகிறோம். வாய் தவறி, வாய்க் கொழுப்பு, நாக்கில் சனி, வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது. பிரெஞ்சுக்காரன் காலைக் குற்றம் சொல்கிறான். எனக்கென்னவோ நாம் சொல்வதுதான் சரி என்று படுகிறது.

சாயங்காலம் சர்க்கரை வாங்கப் போனேன். பூட்டும்போது வழக்கம்போலக் காலி வீட்டைப் பார்த்து, "போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுத்தான் இறங்கினேன்.

ஜூன் 17, திங்கள்

தேன்மொழி பேசினாள். புதன்கிழமை பதினாறாம் நாள் காரியம். மாப்பிள்ளை குணசீலனுக்குத் தலைப்பாகை கட்ட மாமனார் வீட்டு வேட்டி துண்டு போக வேண்டும். மாமனார் கையாலேயே, அதாவது என் கையால், கட்டுவதுதான் முறை.

"நடேசன் சித்தப்பா இன்னும் அதையே பேசிக்கினு இருக்காருப்பா. நீங்க வந்து ஏதாச்சும் பேச்சாயிட்டா எனக்குத் தாங்காது."

"அப்ப நான் வரலம்மா. கொடுத்தனுப்புறேன்."

"நான் வராதீங்கன்னு சொல்லலப்பா."

"புரியுது."

புரிந்தது. வராதே என்று அர்த்தம்.

ஜூன் 19, புதன்

சவரிநாதன் தன் ஸ்கூட்டரில் வேட்டியையும் துண்டையும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். தலைப்பாகையை நடேசனே கட்டினாராம். சாப்பாடு நன்றாக இருந்ததாம்.

"சம்பந்தியம்மா உங்களத்தான் கேட்டாங்க வாத்தியாரே. 'அவரு வரலியா'ன்னு."

"எப்படிக் கேட்டாங்க?"

"எப்படின்னா? வாயாலதான்."

குத்தலாகக் கேட்டிருப்பார். சவரிநாதனுக்கு அதெல்லாம் தெரியாது. சாம்பாரில் கவனமாக இருந்திருப்பார்.

ஜூன் 23, ஞாயிறு

வைத்திலிங்கத்தின் அக்கா பொன்னுரங்கம்மாள் காலையில் இறந்துவிட்டார். அதே வீடு, அதே கூடம். எண்பத்திரண்டு வயது, மூன்று வருடமாகப் படுக்கை. தம்பி போன பிறகு சரியாகச் சாப்பிடவில்லையாம்.

இதையெல்லாம் குணசீலன்தான் போனில் சொன்னார். நல்ல பையன், கோபமாகப் பேசவில்லை. கடைசியில் மட்டும், "மாமா, சித்தப்பா கொஞ்சம் சத்தம் போட்டுக்கினு இருக்காரு. நீங்க அலையாதீங்க, நான் பாத்துக்கறேன்" என்றார். நடேசன் போடும் சத்தம் பின்னால் எனக்கே கேட்டது. "வரேன்னாரே, வரச் சொல்லு" என்று.

பத்தொன்பது நாள். எண்பத்திரண்டு வயது அம்மாள் இறப்பதற்கு நான் காரணமாக முடியாது என்று எனக்குத் தெரியும். பிரெஞ்சிலும் தமிழிலும் தெரியும். மத்தியானம் சோறு இறங்கவில்லை.

ஜூலை 2, செவ்வாய்

பிளம்பர் வந்தான். வாஷர் போயிருந்ததாம். ஐந்து நிமிட வேலை.

ஜூலை 11, வியாழன்

இந்தப் பழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். காலி வீட்டைப் பார்த்துச் சொல்லிச் சொல்லித்தான் நாக்கில் அது உட்கார்ந்துகொண்டிருக்கிறது. இன்று மருந்துக்கடைக்கு ஒன்றும் சொல்லாமல் பூட்டிக்கொண்டு இறங்கினேன். தெருமுனை வரை போனேன். திரும்பி வந்து, பூட்டைத் திறந்து, கதவைத் தள்ளி, சொல்லிவிட்டு, மறுபடி பூட்டினேன். எதிர் வீட்டு அம்மாள் பார்த்துக்கொண்டிருந்தார். "கண்ணாடி மறந்துட்டேன்" என்றேன். கண்ணாடி மூக்கின் மேல் இருந்தது.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

தேன்மொழிக்கு எதைச் சாப்பிட்டாலும் நிற்கவில்லையாம். மாமியார் சீரகக் கஞ்சி வைத்துக் கொடுக்கிறாராம். அது மட்டும் நிற்கிறது.

"அத்தை கேட்டாங்கப்பா, அப்பா எப்டி இருக்காருன்னு."

"நல்லா இருக்கேன்னு சொல்லு."

"நீங்களே வந்து சொல்லலாமில்ல?"

"முட்டி வலிம்மா. பஸ்ஸுல நிக்க முடியல."

இங்கே முத்தியால்பேட்டையிலிருந்து வில்லியனூர் எத்தனை தூரம், பஸ்ஸில் அரை மணி, முக்கால் மணி. முட்டி வலி உண்மைதான். ஆனால் நேற்று அதே முட்டியோடு கடற்கரையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் இரண்டு முறை நடந்தேன். அதை அவளிடம் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

எஃப் நகரவில்லை. 'ஃபோ பா'வைத் தாண்டி எழுதிக்கொண்டு போனால் என்ன என்று பார்த்தேன். முடியவில்லை. வெற்றிடம் விட்டுப் போனால் மனசு அங்கேயே நிற்கிறது. இதுவரை எழுதி அடித்தவை: தவறடி, சபைப்பிழை, இடறல், இங்கிதமின்மை, முறை தவறல். சவரிநாதனிடம் படித்துக் காட்டினேன்.

"இதெல்லாம் யாரு வாத்தியாரே பேசுறாங்க?"

"யாரும் பேசல."

"அப்ப யாருக்கு அகராதி?"

களைப்பாக இருக்கிறது. வேலையால் வருகிற களைப்பு இல்லை, சும்மா இருந்து இருந்து வருகிற களைப்பு.

செப்டம்பர் 15, ஞாயிறு

என் மனைவி செண்பகத்தின் அறையை ஒழித்தேன். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது முறை. தாய் இல்லாவிட்டால் என்ன, வீடு இருக்கிறது. ஒன்பது வருடமாக அந்த அறையில் பழைய வினாத்தாளும் உடைந்த நாற்காலியும் கிடந்தன. எல்லாவற்றையும் இறக்கினேன். சுண்ணாம்பு அடிக்க ஆள் வரச் சொல்லியிருக்கிறேன். ஒத்தாசைக்கு எதிர் வீட்டு அம்மாள் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

ஏழாம் மாதத்தில் நான் போய் முறையாக அழைத்து வர வேண்டும். பார்க்கலாம்.

அக்டோபர் 14, திங்கள்

செண்பகத்தின் நினைவு நாள். ஒன்பது வருடம். காலையில் தலைக்குக் குளித்து, வடை பாயசத்தோடு இலை போட்டுக் காக்கைக்கு வைத்தேன். வடை வாங்கியது, பாயசம் நான் வைத்தது, கொஞ்சம் அடிப்பிடித்துவிட்டது. காக்கை இரண்டையும் தின்றது. பெருந்தன்மையான காக்கை.

அன்று புதன்கிழமை. சட்டைப் பொத்தான் ஒன்று இல்லை. அதற்கு ஒரு சண்டை. பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது. கிளம்பும்போது நான்...

இலையை எடுத்துப் போட்டுவிட்டு வந்தேன். பாத்திரம் துலக்கிக் கவிழ்த்தாயிற்று. மழை வரும் போலிருக்கிறது.

நவம்பர் 3, ஞாயிறு

ஏழாம் மாதம். துக்க வருடம் என்பதால் வளைகாப்பைப் பெரிதாகச் செய்யவில்லை, கண்ணாடி வளையல் மட்டும் போட்டார்களாம். தேன்மொழி போனில் வளையலைக் குலுக்கிக் காட்டினாள்.

"எப்பப்பா வர்றீங்க?"

"அறை எல்லாம் தயாரா இருக்கும்மா. நீ மாப்பிள்ளையோட ஒரு கார் வெச்சிக்கினு வந்துடேன்."



"யாராச்சும் வந்து கூப்பிட்டுக்கினு போவணும்லப்பா? நானே பையைத் தூக்கிக்கினு வந்தா என்னா மரியாதை?"

"போன்ல பேசுறேன் சம்பந்தியம்மாகிட்ட."

"பேசுங்க."

பேசவில்லை. மூன்று முறை எண்ணை எடுத்து வைத்தேன். போனில் பேசினால் கடைசியில் ஒன்று சொல்லித்தானே வைக்க வேண்டும். என்ன சொல்லி வைப்பது?

நவம்பர் 10, ஞாயிறு

சட்டை போட்டுக்கொண்டு, பூ பழம் வாங்கிக்கொண்டு, பஸ் நிறுத்தம் வரை போனேன். வில்லியனூர் பஸ் வந்தது, உட்கார இடமும் இருந்தது. ஏறவில்லை. அந்தக் கூடத்துக்குள் போய் நின்றால் எல்லோரும் என் வாயைத்தான் பார்ப்பார்கள். பூவை எதிர் வீட்டு அம்மாளிடம் கொடுத்தேன். பழத்தை நான்கு நாள் வைத்துத் தின்ன வேண்டும்.

நவம்பர் 24, ஞாயிறு

பிரசவம் அங்கேயே என்று முடிவாகிவிட்டது. குணசீலன் சொன்னார். டாக்டர் பக்கத்தில் இருக்கிறாராம், அலைச்சல் வேண்டாமாம். நல்லதுதான். எனக்கும் ஒரு பொறுப்பு குறைந்தது. அவளுக்காக வாங்கிய புது மெத்தையைப் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காமல் சுவரோடு சாத்தி வைத்தேன்.

டிசம்பர் 5, வியாழன்

மூன்று நாளாக மழை. அறைச் சுவரில், புதுச் சுண்ணாம்பின் மேல், ஈரம் ஏறியிருக்கிறது.

டிசம்பர் 18, புதன்

சவரிநாதன் நேரிலேயே வந்துவிட்டார். இனியும் எஃப் முடியாவிட்டால் என்னை விட்டுவிட்டு வேறு ஆளைப் பார்ப்பதாகச் சொன்னார். அப்படிச் சொல்லிக்கொண்டே நான் போட்ட காபியைக் குடித்தார்.

"அந்த ஒரு சொல்லுல என்னாதான் இருக்குது உங்களுக்கு?"

சொன்னேன். ஜூன் மாதத்தில் நடந்ததை முழுதாகச் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை.

"சொன்னதுக்கு அப்புறம் நீங்க போவவே இல்லியா?"

"எப்படிப் போறது?"

"பஸ்லதான்" என்றார்.

எஃப் முடிந்தால் அடுத்த எழுத்தில் 'காஃப்' என்று ஒரு சொல் காத்திருக்கிறது. அதற்கும் இதே பொருள்தான், பேச்சு வழக்கு. முதலில் படகைக் கரைக்கு இழுக்கிற கொக்கிக் கழிக்குப் பெயராம், அது எப்படி அசட்டுத்தனத்துக்கு வந்தது என்று யாரும் அடித்துச் சொல்லவில்லை. ஒரு மொழியில் ஒரு பிழைக்கு எத்தனை சொல்தான் வைப்பார்களோ.

ஜனவரி 7, செவ்வாய்

பெண் குழந்தை. காலை எட்டு மணிக்கு. தாயும் பிள்ளையும் நலம். குணசீலன் போனில் அழுதார். நானும்.

ஜனவரி 8, புதன்

ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. சளி. பச்சைக் குழந்தைக்கு ஒட்டிக்கொள்ளும்.

ஜனவரி 9, வியாழன்

சளி இல்லை. பொய் எழுதுவதற்கு எதற்கு ஒரு நாட்குறிப்பு?

ஜனவரி 11, சனி

தேன்மொழி பேசினாள். நேற்று வீட்டுக்கு வந்துவிட்டார்களாம். குரல் களைத்திருந்தது.

"அப்பா, ஒண்ணே ஒண்ணு சொல்றேன். நாளைக்கு நீங்க வரணும். வரலன்னா இனிமே நான் போன் பண்ண மாட்டேன். பாப்பா போட்டோகூட அனுப்ப மாட்டேன்."

"தேனு..."

"அம்மா இருந்தா இப்டி உக்காந்திருப்பாங்களா?"

வைத்துவிட்டாள். ஒன்றும் சொல்லிக்கொள்ளாமல்.

ஜனவரி 12, ஞாயிறு

போனேன்.

வரிசையாக எழுதுகிறேன், இல்லாவிட்டால் எனக்கே குழம்பிவிடும்.

பதினோரு மணி பஸ். வழியெல்லாம் ஒரே தீர்மானம்: கிளம்பும்போது வாயைத் திறக்கக் கூடாது. குழந்தையைப் பார்க்க வேண்டும், தேன்மொழி தலையைத் தொட வேண்டும், எழுந்து வந்துவிட வேண்டும்.

வாசலில் நடேசன் கொடியில் குழந்தைத் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். கையில் ஈரத் துணியோடு என்னைப் பார்த்தார். அவர்தான் முதலில், "வாங்க சம்பந்தி. உள்ள வாங்க. வெயில்ல நிக்காதீங்க" என்றார். ஏழு மாதமாக நான் பயந்து செத்துக்கொண்டிருந்த மனிதர் ஒரு சின்னச் சட்டையை உதறிப் போட்டுவிட்டு எனக்கு நாற்காலி எடுத்துப் போட்டார்.

குழந்தையை மடியில் வைத்தார்கள். மூக்கு செண்பகத்துடையது. தேன்மொழி முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, "தலையைப் பிடிச்சிக்குங்க, தொங்குது பாருங்க" என்றாள். அதற்குப் பிறகு எல்லாம் சரியாகிவிட்டது.

வேதவல்லி அம்மா காபி கொண்டுவந்தார். இளைத்திருந்தார். நான் கண்ணை எடுக்காமல் காபியையே பார்த்துக் குடித்தேன். வைத்திலிங்கத்தின் படம் மேலே இருந்தது, அதையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஒரு மணிநேரம் ஆனதும், எல்லோரும் குழந்தை அழுகையில் மும்முரமாக இருந்தபோது, எழுந்தேன். செருப்பை மாட்டினேன். கேட்டு வரைக்கும் வந்துவிட்டேன்.

"சம்பந்தி."

வேதவல்லி அம்மா வாசற்படியில் நின்றார்.

"சொல்லிக்காம போறீங்க?"

"இல்லம்மா... தூங்குறாங்கன்னு..."

"யாரு தூங்குறது? புள்ளை அந்தக் கத்து கத்துது. புள்ளை பொறந்த வூட்டுலேருந்து யாராச்சும் சொல்லிக்காம போவாங்களா?"

மறுபடியும். சொல்லக் கூடாத இடத்தில் சொன்னேன், சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லாமல் நழுவினேன். கேட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"பயமா இருக்கும்மா" என்றேன். "அன்னைக்கு வாய் தவறிச் சொல்லிட்டேன். மன்னிச்சுக்குங்க. ஏழு மாசமா எப்படி மன்னிப்புக் கேக்கறதுன்னு..."

"அதுக்கு எனக்கு என்னாத்துக்கு மன்னிப்பு?" படியிறங்கி வந்தார். "வாய் தவறினது தப்பில்ல. வரேன்னு சொன்னீங்களே, வந்தீங்களா?"

எனக்குப் புரியவில்லை.

"அவரு விடியகாலைல தண்ணி கேட்டாரு. எடுத்துக்கினு வர்றதுக்குள்ள போயிட்டாரு. ஒரு வார்த்தை சொல்லல. மறுநாளு வந்தவங்க அத்தினி பேரும் அதே மாதிரி எழுந்து எழுந்து போறாங்க. முறை அதான், எனக்குத் தெரியாதா? ஆனா பாக்கப் பாக்க இந்த வூட்டுக்கு இனிமே யாரும் வரவே மாட்டாங்களோன்னு ஆயிடுச்சு. அப்பதான் நீங்க ஒருத்தர் எதிர்ல வந்து நின்னு, வரேன்னீங்க."

அவர் கொடியிலிருந்த ஒரு சின்னச் சட்டையை இழுத்து நேராக்கினார்.

"நடேசன் கத்துனாரு. அவரு அண்ணனைப் பறிகொடுத்தவரு, யாரு மேலயாவது கத்தணும். நான் ஏதாச்சும் சொன்னனா? பதினாறுக்கு வருவீங்கன்னு பாத்தேன். துணிதான் வந்துது. நாத்தனார் செத்தப்ப பாத்தேன். ஏழாம் மாசம் பொண்ணைக் கூப்பிட வருவீங்கன்னு அவ பையெல்லாம் அடுக்கி வெச்சிக்கினு உக்காந்திருந்தா. வளையல் போட்டதுக்கு அடுத்த ஞாயித்துக்கெழமை பூரா வாசல்லயே உக்காந்திருந்தா. தெரியுமா உங்களுக்கு?"

தெரியாது. அந்த ஞாயிற்றுக்கிழமை நான் பூவும் பழமுமாக பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தேன்.

அதற்குப் பிறகு நான் சொன்னேன். ஒன்பது வருடமாக யாரிடமும் சொல்லாததை, இந்த நோட்டில்கூடப் பாதியில் நிறுத்தியதை, கேட்டுக்குப் பக்கத்தில் நின்று அவரிடம் சொன்னேன். செண்பகம் இறந்த அன்று காலை பொத்தானுக்காகச் சண்டை. "நான் போறேன்" என்று கத்திவிட்டு வண்டியை எடுத்தேன். அவள் சமையலறையிலிருந்து, "போறேன்னு சொல்லாதீங்க, போயிட்டு வரேன்னு சொல்லுங்க" என்றாள். தினமும் சொல்கிற பேச்சுதான் அது. அன்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. பதினொன்றரை மணிக்குத் தலைமையாசிரியர் அறைக்குக் கூப்பிட்டார்கள். அன்றிலிருந்து எந்த வீட்டை விட்டும், காலி வீடாக இருந்தாலும், அதைச் சொல்லாமல் என்னால் கிளம்ப முடிவதில்லை.

"அதான்மா அன்னைக்கும் வந்துடுச்சு" என்றேன்.

வேதவல்லி அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கொடியில் காய்ந்த துணி ஒன்று கீழே விழுந்திருந்தது. அதைக் குனிந்து எடுத்து, உதறி, தோளில் போட்டுக்கொண்டார்.

"சரி, இப்ப சொல்லுங்க."

"போயிட்டு வரேம்மா."

"எப்ப?"

இத்தனை வருடத்தில் யாரும் என்னை இதைக் கேட்டதில்லை. அதைச் சொன்னால் தலையாட்டுவார்கள், அவ்வளவுதான்.

"செவ்வாக்கெழமை" என்றேன்.

"கெழமை மாறக் கூடாது" என்றார்.

ஜனவரி 13, திங்கள்

காலையில் உட்கார்ந்து எழுதிவிட்டேன். பத்து நிமிடம் ஆகவில்லை.

ஃபோ பா: 1. நடக்கையில் கால் பிசகி வைத்தல். 2. பிறர் முன்னிலையில் முறை பிசகுதல், அசட்டுக் காரியம்.

யாராவது பேசுகிற தமிழாக இருக்கிறது. இன்னொரு பொருளும் எழுதி அடித்தேன், அது எனக்கு மட்டும்: வைத்திருக்க வேண்டிய அடியை வைக்காமல் நின்றுவிடுதல். சவரிநாதன் இதற்கெல்லாம் தாள் கொடுக்க மாட்டார். ஆனால் பிரெஞ்சுக்காரன் காலைச் சொன்னது சரிதான். ஏழு மாதம் நான் என் வாயைத் திட்டிக்கொண்டிருந்தேன். வாய் பாவம், அது ஒழுங்காகத்தான் சொன்னது. சொன்ன இடத்துக்குக் கால்தான் போகவில்லை.

எஃப் இந்த வாரத்துக்குள் முடிந்துவிடும் என்று சவரிநாதனுக்குப் போன் செய்து சொன்னேன். நம்பவில்லை.

மெத்தை உறையைப் பிரித்து வெயிலில் போட்டேன். மூன்றாம் மாதம் தேன்மொழியும் குழந்தையும் இங்கே வந்து இருக்கலாம் என்று நாளைக்குக் கேட்க வேண்டும். ஈரம் ஏறின சுவரைத் திரும்பச் சுரண்டிச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும். உடம்பெல்லாம் வலிக்கிறது.

ஜனவரி 14, செவ்வாய்

போய்விட்டு வந்தேன்.